காய்ந்தால் பொய் சொல்லும் கண்ணாடி

பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த பாதரச வெப்பமானியை எடுத்து அக்குளில் வைத்தால், காய்ச்சலைச் சரியாகவே சொல்லிவிடும். பாட்டி காலத்து எடைக்கல்லைத் துடைத்துத் தட்டில் வைத்தால் கால் கிலோ கால் கிலோவாகவே நிற்கும். அளக்கும் கருவி என்றால் சும்மா கிடந்தாலும் கெடக்கூடாது என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம்.

மீன் தொட்டி வைத்திருப்பவர்களின் அனுபவம் வேறு. ஆசையாக வாங்கிய பி.எச். மீட்டரைச் சில மாதம் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஒருநாள் எடுத்துத் தொட்டியில் விடுகிறார்கள். திரையில் 7.4 வருகிறது. கொஞ்ச நேரத்தில் 7.5, பிறகு 7.7. எண் நிற்பதில்லை. பேட்டரியை மாற்றினாலும் அப்படியே. கடைசியில் “சீப்பான சாமான், அவ்வளவுதான்” என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

மீட்டர் கீழே விழவில்லை, உடையவில்லை. வெறுமனே கிடந்ததைத் தவிர அதற்கு ஒன்றுமே நேரவில்லை. அப்படியானால் எது கெட்டது?

அந்த மீட்டரின் நுனியில் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. கடைகளில் ‘புரோப்’ என்பார்கள். நாம் உணர்முனை என்று வைத்துக்கொள்வோம். விடை அந்தக் குமிழின் மேல்தோலில் இருக்கிறது.

எதை அளக்கிறோம்?

தண்ணீரின் அமிலத்தன்மையைத் தீர்மானிப்பது அதில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகளின் எண்ணிக்கை. அயனி என்பது மின்னூட்டம் கொண்ட அணு அல்லது அணுக்கூட்டம். தூய தண்ணீரில் ஹைட்ரஜன் அயனிகள் மிக மிகக் குறைவு. ஏறத்தாழ 55 கோடி நீர் மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் தேறும். அந்த நிலையைத்தான் பி.எச். 7 என்கிறோம். எண் ஒன்று ஏறினால் அயனிகள் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஒன்று இறங்கினால் பத்து மடங்காகக் கூடும். பி.எச். 8.2 உள்ள தண்ணீரில் சுமார் 880 கோடி மூலக்கூறுகளுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனிதான் இருக்கும்.

இந்த அளவுமுறையை 1909-இல் வகுத்தவர் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன். கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை நிறுவிய ஆய்வுக்கூடத்தில் அவர் வேலை பார்த்தார். நொதிகள் அமிலத்தன்மைக்கு ஏற்ப வேகம் மாறி வேலை செய்வதை ஆராய்ந்தவருக்கு, நீளமான பின்னங்களை எழுதி மாளாமல், ஒரே சிறிய எண்ணில் சொல்லும் வழி தேவைப்பட்டது.

மீனுக்கு இந்த எண் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்கிறேன், மற்றவை அதற்குப் பின்னால்தான். மீன்களின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா தண்ணீரில் சேர்கிறது. அது தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று மீனை அவ்வளவாகப் பாதிக்காத அம்மோனியம். மற்றது செவுளைப் புண்ணாக்கும் அம்மோனியா. எது எவ்வளவு என்பதை முடிவு செய்வது பி.எச். 25 டிகிரி செல்சியஸில், பி.எச். 7 இருந்தால் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8 ஆனால் நூற்றில் 5 பங்கு. 9 ஆனால் 36 பங்கு. தொட்டியில் சேர்ந்த மொத்த அம்மோனியா ஒரே அளவுதான், பி.எச். மாறியதால் மட்டுமே மீன் பிழைக்கவும் சாகவும் கூடும்.

தண்ணீர் புகாத கண்ணாடிக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்?

கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றினால் வெளியே கசிவதில்லை. கண்ணாடி மின்சாரத்தையும் கடத்தாது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இந்த இரண்டும் உண்மை என்றால், கண்ணாடிக் குமிழை முக்கி அமிலத்தன்மையை மின்சாரமாக அறிவது நடக்கவே முடியாத காரியம்போலத் தோன்றும்.

மிக மெல்லிய கண்ணாடியின் இரு பக்கமும் வெவ்வேறு அமிலத்தன்மையுள்ள கரைசல்களை வைத்தால், அவற்றுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றுவதை 1906-இல் மாக்ஸ் க்ரெமர் கண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து ஃப்ரிட்ஸ் ஹேபரும் போலந்தைச் சேர்ந்த க்ளெமென்சிவிச்சும் அதை அளக்கும் கருவியாக வளர்த்தெடுத்தார்கள்.

நடப்பது இதுதான். இந்தக் குமிழுக்கான கண்ணாடி சோடியமோ லித்தியமோ நிறையக் கலந்து உருக்கப்படுவது. தண்ணீரில் ஊறும்போது, மேற்பரப்பை ஒட்டிய சோடியம் அல்லது லித்தியம் அயனிகள் மெல்ல வெளியேறி, அந்த இடத்தில் தண்ணீரின் ஹைட்ரஜன் அயனிகள் வந்து அமர்கின்றன. கண்ணாடியின் மேல்தோல் நீர் குடித்து இளகி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கூழ்ப்படலம் ஆகிறது. முடியின் தடிமனோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை எனலாம். ஆனால் அளவீடு நடப்பது முழுக்க முழுக்க அங்கேதான். தண்ணீரில் ஹைட்ரஜன் அயனிகள் அதிகமானால் படலத்திலும் அதிகம் அமர்கின்றன. குறைந்தால் படலத்திலிருந்து வெளியே போகின்றன. எத்தனை அமர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து மேற்பரப்பின் மின்னூட்டம் கூடும், குறையும்.

இந்தச் செய்தி கண்ணாடியின் உள்பக்கம் சேர வேண்டுமே? ஹைட்ரஜன் அயனி குமிழைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் இடம் பெயர்வதில்லை; செங்கல் மட்டும் மேல்மாடி போய்ச் சேர்கிறது. அதுபோல, கண்ணாடிக்குள் இருக்கும் சோடியம் அல்லது லித்தியம் அயனி ஒவ்வொன்றும் துளி இடம் நகர்ந்து அடுத்ததற்கு மின்னூட்டத்தைத் தள்ளிவிடுகிறது. ஆகவே கண்ணாடி கொஞ்சம், மிகக் கொஞ்சமாக, மின்சாரத்தைக் கடத்தவே செய்கிறது.

குமிழின் உள்ளே பி.எச். 7 ஆக நிலைநிறுத்தப்பட்ட ஒரு கரைசல் நிரந்தரமாக அடைபட்டிருக்கிறது. வெளியே இருப்பதும் 7 என்றால் இருபக்கமும் சமம், மின்னழுத்தம் பூஜ்யம். வெளியே அமிலமானால் நேர்மின்னழுத்தம், காரமானால் எதிர்மின்னழுத்தம். 25 டிகிரியில் பி.எச். ஒரு எண் மாறினால், குறையற்ற உணர்முனை 59.16 மில்லிவோல்ட் மாறும். இதைச் சரிவு என்று குறிப்போம். ஒரு சாதாரண டார்ச் பேட்டரியின் மின்னழுத்தத்தில் இது இருபத்தைந்தில் ஒரு பங்கு.

எலுமிச்சைச் சாற்றிலிருந்து வந்த மீட்டர்

இவ்வளவு சிறிய மின்னழுத்தத்தைக் கண்ணாடியின் பெருந்தடையைத் தாண்டி அளப்பது பெரும் பாடு. 1930-களின் தொடக்கம் வரை அது ஆய்வுக்கூட வித்தகர்களின் வேலையாகவே இருந்தது. கண்ணாடியை ஊதி ஊதி மெலிதாக்கினால்தான் அன்றைய கருவிகளில் முள் அசையும். அவ்வளவு மெலிதாக்கினால் கை பட்டாலே உடையும்.

கலிபோர்னியாவில் பழ விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பொன்றில் வேதியியலாளராக இருந்த க்ளென் ஜோசஃப், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வேண்டியிருந்தது. சாறு கெடாதிருக்கச் சேர்த்த கந்தக டைஆக்சைடு, மற்ற முறைகளையெல்லாம் பாழாக்கியது; கண்ணாடி மட்டுமே அதற்கு அசரவில்லை. உடையாத தடித்த குமிழோடு வேலை செய்யும் வழி கேட்டு, தன் பழைய கல்லூரித் தோழர் ஆர்னால்ட் பெக்மனிடம் போனார். பெக்மன் 1934-இல் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு ஒரு மின்பெருக்கி கட்டிக் கொடுத்தார். ஜோசஃப் திரும்பி வந்து இன்னொன்று கேட்டபோது, இதை வாங்க வேறு பலரும் இருப்பார்கள் என்று பெக்மனுக்குப் புரிந்தது. இன்று நம் கையில் இருக்கும் பேனா மீட்டரின் முன்னோடி அதுதான்.

பெக்மன் சமாளித்த அந்தப் பெருந்தடை இன்னும் அங்கேயே இருக்கிறது. குமிழின் மின்தடை பத்துக் கோடி ஓம் அளவில் இருக்கும். அதனால் உணர்முனையின் ஒயர் மீட்டரில் சேரும் இடத்தில் ஈரமோ, உப்புப் படிவோ, விரல் பிசுக்கோ இருந்தால் போதும், அந்த மெல்லிய சமிக்ஞை குறுக்கு வழியில் ஓடிவிடும். மீன் தொட்டிக்குப் பக்கத்தில், ஈரக் கையோடு இணைப்பைக் கழற்றி மாட்டுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

யாரும் கவனிக்காத இன்னொரு பாதி

மின்னழுத்தம் என்பது எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையேயான வேறுபாடு. குமிழ் ஒரு பக்கம் என்றால், மறுபக்கம் எது? தண்ணீர் எப்படி மாறினாலும் தான் மாறாத ஒரு துணை அதற்கு வேண்டும். அதை ஒப்பீட்டு மின்வாய் என்பார்கள். வெள்ளி குளோரைடு பூசிய ஒரு வெள்ளிக் கம்பி, பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பின் அடர்ந்த கரைசலில் அல்லது கூழில் அமர்ந்திருக்கும். மீன் தொட்டிக்கான உணர்முனைகளில் இரண்டும் ஒரே தண்டுக்குள் அடக்கம். குமிழுக்குச் சற்று மேலே வெள்ளையாக ஒரு புள்ளியோ வளையமோ தெரிகிறதே, அது நுண்துளைகள் கொண்ட பீங்கான் போன்ற அடைப்பு. உள்ளிருக்கும் உப்பு அதன் வழியாக மிக மெதுவாகத் தொட்டித் தண்ணீரில் கசிகிறது. மின்சுற்று முழுமையாவது அந்தக் கசிவால்தான். அதைக் கசிவாய் என்று அழைக்கலாம்.

ஏன் பொட்டாசியம் குளோரைடு, சாப்பாட்டு உப்பு ஏன் கூடாது? பொட்டாசியம் அயனியும் குளோரைடு அயனியும் தண்ணீரில் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நகர்பவை. ஒன்று முந்தி மற்றது பிந்தினால் கசிவாயிலேயே தேவையற்ற ஒரு மின்னழுத்தம் உண்டாகிவிடும். சாப்பாட்டு உப்பில் சோடியம் பின்தங்கும், குளோரைடு முந்தும். இந்த இணைவேகப் பொருத்தம் எனக்கு வேதியியலில் மிகவும் பிடித்த சின்ன அழகுகளில் ஒன்று.

இது புரிந்தால், பலரும் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறும் புரியும். ‘சுத்தமாக வைக்க வேண்டும்’ என்று உணர்முனையைக் காய்ச்சி வடித்த நீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ முக்கிச் சேமிக்கிறார்கள். வெளியே உப்பே இல்லை, உள்ளே அடர்ந்த உப்பு. நாள்கணக்கில் உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். மாறாமல் இருக்க வேண்டிய துணை மாறிவிடும். கண்ணாடிப் படலத்துக்கும் அயனியே இல்லாத தண்ணீர் நல்லதல்ல. கழுவுவதற்கு வடித்த நீர் சரி. வைப்பதற்கு அது ஆகாது.

காய்ந்தபோது என்ன ஆனது

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். பெட்டிக்குள் கிடந்த உணர்முனையின் மூடியில் இருந்த ஈரம் போய்விட்டது. கூழ்ப்படலம் நீரை இழந்து சுருங்கியது. ஹைட்ரஜன் அயனிகள் வந்து அமரும் இடங்கள் பல அடைபட்டன. ஆகவே தண்ணீர் ஒரு பி.எச். மாறினால் 59 மில்லிவோல்ட் காட்ட வேண்டியது அதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. இது சரிவு குறைதல்.

உள்பக்கப் படலம் எப்போதும் நனைந்தே இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் காய்ந்தது. இருபக்கமும் ஒன்றுக்கொன்று சமமில்லாமல் போனதால், பி.எச். 7 தண்ணீரில்கூட மின்னழுத்தம் பூஜ்யமாக இருப்பதில்லை. இதை விலகல் எனலாம். கசிவாயில் உப்பு உறைந்து துளைகளை அடைத்திருந்தால் விலகல் இன்னும் கூடும், எண்ணும் நிலைகொள்ளாது.

மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைக் கண்டு சிலர் பயப்படுகிறார்கள். அது பொட்டாசியம் குளோரைடுதான். தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

ஒரு தொட்டி, ஒரு நாள், மூன்று எண்கள்

இனி ஒரு கணக்கு. சென்னையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கடினத்தன்மை கூடிய போர் தண்ணீர். அதற்கு ஒத்துப்போகும் மீன்கள் வேண்டும் என்று வீட்டுக்காரர் கொளத்தூருக்குப் போய், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைப் பூர்விகமாகக் கொண்ட சிக்லிட் மீன்கள் வாங்கி வந்திருக்கிறார். காரத் தண்ணீரில் வாழப் பழகியவை அவை. தொட்டியின் உண்மையான பி.எச். 8.2. அது இன்று முழுக்க மாறவில்லை என்று கொள்வோம். எண்கள் எளிதாக இருக்க வெப்பநிலை 25 டிகிரி, நல்ல சரிவு 59 மில்லிவோல்ட்.

மீட்டர் புதிதாக இருந்தபோது அதற்குச் சொல்லிக்கொடுத்தது இது: 7 என்றால் பூஜ்யம், ஒவ்வொரு எண்ணுக்கும் 59 இறங்கும். அதன் நினைவில் இருப்பது அவ்வளவே.

மாதக்கணக்கில் காய்ந்த உணர்முனையின் நிலை வேறு. 7 உள்ள கரைசலில் அது 20 மில்லிவோல்ட் தருகிறது. ஒரு எண்ணுக்கு 50 மட்டுமே இறங்குகிறது. தொட்டித் தண்ணீர் 7-க்கு மேல் 1.2 எண். ஆகவே 20-இலிருந்து 60 இறங்கி, மைனஸ் 40-இல் நிற்கும். மீட்டர் தன் பழைய நினைவை வைத்து இந்த மைனஸ் 40-ஐப் படிக்கிறது: 59-க்கு ஒரு எண் என்றால் 40-க்கு 0.68. திரையில் 7.68.

வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? ‘அடடா, பி.எச். இறங்கிவிட்டதே’ என்று ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றுவார். ஏற்கெனவே காரமான தண்ணீருக்கு மேலும் காரம். இன்னொரு ஆபத்து இதைவிட அமைதியானது. 7.68 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவம். உண்மையான 8.2-இல் அது எட்டுப் பங்கு. மீன்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்தும், எண்ணை நம்பி, அம்மோனியாவைச் சந்தேகிக்காமல் விட்டுவிடுவார்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால் அளவுத்திருத்தம் செய்வார். அதற்கென்று பி.எச். மாறாமல் நிற்கும் கரைசல்கள் விற்கின்றன. தாங்கல் கரைசல் என்று பாடநூலில் படித்திருப்போம். அவர் 7 கரைசலை மட்டும் வைத்துத் திருத்துகிறார். மீட்டர் 20 மில்லிவோல்ட் விலகலைக் கழிக்கக் கற்றுக்கொள்கிறது. சரிவு 50 ஆகிவிட்டது அதற்குத் தெரியாது. தொட்டியில் 60 மில்லிவோல்ட் இறக்கத்தைப் பார்த்து, 59 ஆல் வகுத்து, 8.02 என்கிறது. பக்கத்தில் வந்துவிட்டது; சரியாகவில்லை.

இன்னும் கவனமானவர் 7, 10.01 என்று இரண்டு கரைசல்களிலும் திருத்துகிறார். இரண்டு புள்ளி கிடைத்ததால் மீட்டர் விலகலையும் சரிவையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. காலை ஒன்பது மணிக்குத் தொட்டியில் விட்டால் 8.20. மிகச் சரி. பெரும்பாலான கையேடுகள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை, ஏனென்றால் கதை மாலையில்தான் திரும்புகிறது.

தொட்டியிலேயே உணர்முனை நாள் முழுக்கக் கிடக்கிறது. காய்ந்த கண்ணாடி நீர் குடிக்கத் தொடங்குகிறது. படலம் மீண்டும் உப்புகிறது. உப்பு அடைத்த துளைகள் கரைந்து திறக்கின்றன. மாலைக்குள் உணர்முனை உண்மையிலேயே குணமாகிவிடுகிறது: விலகல் 20-இலிருந்து 8, சரிவு 50-இலிருந்து 57. இப்போது அதே 8.2 தண்ணீரில் அது தருவது ஏறத்தாழ மைனஸ் 60. மீட்டரோ காலையில் கற்ற பாடத்தை வைத்தே படிக்கிறது: 20-இலிருந்து மைனஸ் 60 வரை 80 இறக்கம், 50-க்கு ஒரு எண், ஆக 1.6. திரையில் 8.6.

காலையில் சரியாக இருந்த அளவீடு, உணர்முனை குணமானதாலேயே மாலையில் தவறாகிவிட்டது. வீட்டுக்காரர் இப்போது அமிலம் ஊற்றப் போவார்.

இதனால்தான் வரிசை முக்கியம். முதலில் ஊறல், பிறகு திருத்தம். இரவு முழுக்க ஊறவைத்து, விலகல் 8, சரிவு 57 என்ற நிலைக்கு வந்தபின் இரண்டு கரைசலில் திருத்தினால், தொட்டியில் 8.2 காட்டும், மறுநாளும் 8.2-ஐ ஒட்டியே காட்டும். சரிவு 59-இல் 57 என்றால் ஏறத்தாழ 97 சதவீதம். அது ஆரோக்கியமான உணர்முனை. ஊறிய பிறகும் 85 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அதன் காலம் முடிந்தது.

ஊறவைக்கும் வகை

ஊறவைக்கவும் சேமிக்கவும் ஒரே கரைசல்தான்: பொட்டாசியம் குளோரைடு. சேமிப்புக் கரைசல் என்று சிறு குப்பிகளில் கிடைக்கும். தயாரித்துக்கொள்ள விரும்பினால், தூய பொட்டாசியம் குளோரைடு 22 கிராம் எடுத்து, மொத்தம் 100 மில்லிலிட்டர் வரும் அளவுக்கு வடித்த நீரில் கரைக்க வேண்டும். உள்ளே இருக்கும் கரைசலின் அடர்த்தியும் கிட்டத்தட்ட இதுவே என்பதால் உப்பு வெளியே போகக் காரணமில்லை. இது கிடைக்காத அவசரத்துக்கு பி.எச். 4 தாங்கல் கரைசலில் வைக்கலாம். சும்மா தொட்டித் தண்ணீரில் வைப்பதுகூட, வடித்த நீரில் வைப்பதைவிட மேல்.

லேசாகக் காய்ந்ததற்கு ஓரிரு மணி நேரம் போதும். முழுக்கக் காய்ந்ததை இரவு முழுக்க விட்டுவிடுங்கள். ஊறியது போதுமா என்று அறிய கடிகாரத்தைவிட நல்ல வழி உண்டு. 7 கரைசலில் முக்கி எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடி ஊறப்போட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதே கரைசலில் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கண்ணாடி இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நகராதபோதுதான் திருத்தத்துக்கு உட்கார வேண்டும்.

ஊறியும் மந்தமாகவே இருந்தால், மேலே ஏதோ படிந்திருக்கிறது. போர் தண்ணீர்த் தொட்டிகளில் அது பெரும்பாலும் சுண்ணாம்பு. வெள்ளை வினிகரில் சில நிமிடம் வைத்தால் கரையும். பாசியோ வழவழப்போ என்றால், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் அலசலாம். எதைச் செய்தாலும் பிறகு நன்றாகக் கழுவி, மீண்டும் ஒரு மணி நேரம் சேமிப்புக் கரைசலில் வைக்க வேண்டும். குமிழைத் துணியால் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் படலம் கீறும், நிலைமின்னூட்டமும் ஏறும். டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுத்தால் போதும்.

தாங்கல் கரைசல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பேனா மீட்டர்களோடு பொடிப் பாக்கெட்டுகள் வரும். அவற்றில் பல 4.01, 6.86, 9.18 என்ற எண்கள் கொண்டவை. மீட்டரோ 4, 7, 10 எதிர்பார்ப்பதாக இருக்கலாம். 6.86-ஐக் கொடுத்து இதுதான் 7 என்று சொல்லிவிட்டால், தொடக்கத்திலேயே 0.14 பிழை. பாக்கெட்டின் எண்ணும் மீட்டரின் எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே முக்குங்கள். பொடியைக் குழாய்த் தண்ணீரில் கரைக்காதீர்கள். 10 கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறங்கும். திறந்து வைத்ததும், ஒருமுறை முக்கியதும் குப்பிக்குள் திரும்பப் போகக்கூடாது. காரத் தண்ணீர்த் தொட்டி என்றால் 7-ம் 10-ம் வேண்டும். டிஸ்கஸ் போன்ற மென்னீர் மீன்கள் என்றால் 4-ம் 7-ம். அளக்கப்போகும் எண் இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும் என்பதே கணக்கு.

எப்போதும் 7 காட்டினால்

ஒரு உணர்முனை தொட்டியில் 7 காட்டுகிறது. மகிழ்ச்சிதான். அதை எலுமிச்சைச் சாற்றில் முக்கிப் பாருங்கள். அங்கேயும் 7 காட்டினால், அது இறந்த உணர்முனை.

குமிழில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தால் வெளித் தண்ணீரும் உள்கரைசலும் நேரடியாகச் சேர்ந்துவிடும். வேறுபாடு இல்லை, மின்னழுத்தம் பூஜ்யம். இணைப்பில் ஈரம் புகுந்து மின்சுற்று குறுகினாலும் பூஜ்யம்தான். பூஜ்யத்தை மீட்டர் 7 என்று படிக்கும். எல்லாரும் பார்க்க ஆசைப்படும் எண்ணாக அது இருப்பதால், இந்தப் பழுது மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. ஒரு கரைசலில் சரியாகக் காட்டுவதை நம்பாதீர்கள். இரண்டு கரைசலில் இரண்டு வேறு எண்கள் காட்டினால்தான் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

தொட்டிக்குள் வந்தபின்

நம் ஊர்த் தொட்டிகள் 25 டிகிரியில் இருப்பதில்லை. 30 டிகிரியில் குறையற்ற சரிவு 59 அல்ல, 60-ஐச் சற்றுத் தாண்டும். வெப்பநிலை உணரும் மீட்டர்கள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆனால் தாங்கல் கரைசலும் வெப்பத்தால் மாறும்: 10.01 என்று எழுதியிருப்பது 30 டிகிரியில் 9.97 ஆகிவிடும். குப்பியின் மேல் உள்ள அட்டவணையைப் பார்த்து அந்த எண்ணுக்கே திருத்துவது நல்லது.

தண்ணீருக்குள் இருக்கும் மோட்டாரோ ஹீட்டரோ லேசாக மின்கசிவு கொண்டிருந்தால் எண் துள்ளும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு தனியே வைத்து அளந்து பாருங்கள். தொட்டியில் ஒரு எண், டம்ளரில் வேறு எண் என்றால் உணர்முனையைக் குறை சொல்லாமல் மின்சாதனங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். மீனுக்கு மட்டுமின்றித் தொட்டிக்குள் கை விடுகிற உங்களுக்கும் அது அவசியமான சோதனை.

இதையெல்லாம் செய்து முடித்தபிறகும், செடிகள் உள்ள தொட்டியில் காலை 7.3, மாலை 7.7 என்று எண் மாறுவதைக் கண்டு சிலர் மறுபடியும் திருத்தத் தொடங்குகிறார்கள். அது பிழை இல்லை. விளக்கு எரியும்போது செடிகளும் பாசிகளும் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. அமிலம் குறைந்து பி.எச். ஏறுகிறது. இரவில் செடியும் மீனும் நுண்ணுயிர்களும் சுவாசித்து அதை வெளிவிடுகின்றன. விடியும் நேரத்தில் பி.எச். மிகக் கீழே இருக்கும். ஒரு வாரத்தின் எண்ணை அடுத்த வாரத்தோடு ஒப்பிட வேண்டும் என்றால், விளக்கு போடுவதற்கு முன்போ அணைப்பதற்கு முன்போ, ஏதாவது ஒரு நேரத்தைத் தேர்ந்துகொண்டு அதே நேரத்தில் அளந்து, பக்கத்தில் அன்றைய சரிவு சதவீதத்தையும் குறித்து வையுங்கள். சரிவு மாதம் மாதம் இறங்குவது அந்தக் குறிப்பில் தெரியும். புதிய உணர்முனை வாங்க வேண்டிய நாளை அதை வைத்து முன்கூட்டியே சொல்லிவிடலாம்.